வெந்நீர்ப் புட்டியும் இரண்டு கோடுகளும்

தேவ்நாரில், ஜன்னலைத் திறந்தால் குப்பைமேட்டுப் புகை உள்ளே வந்துவிடும் ஓர் ஆய்வகத்தில், பாம்புக்கடி மருந்தின் வீரியத்தைக் கணக்கிடுவது என் வேலை. வீரியம் தனியாக நிற்காது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் பக்கத்தில் வைத்துத்தான் புதியதை அளக்க முடியும். இரண்டையும் அளவு மாற்றி மாற்றி, விஷத்தோடு கலந்து சுண்டெலிகளுக்கு ஊசி போடுவார்கள். மறுநாள், பிழைத்தவை எத்தனை, செத்தவை எத்தனை. அத்தனை துடிப்பும் என் திரையில் இரண்டு சாய்ந்த கோடுகளாகிவிடும். கோடுகள் இணையாக ஓடினால் நடுவிலுள்ள இடைவெளியே விடை. ஓடாவிட்டால் இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். சொல்வதற்கு எண்ணே கிடையாது.

அந்த மழைக்காலத்தில் புதிய மருந்தின் கோடு படுத்துக் கிடந்தது. குறைந்த அளவு மருந்து பெற்ற எலிகள், சாக வேண்டியவை, பிழைத்திருந்தன.

"இணைதான்னு வெச்சுண்டு போட்டுடுங்கோ, பாஸாயிடும்," என்றார் மாட்டுங்காவிலிருந்து வரும் மானேஜர். "ஆஸ்பத்திரில கேட்டுண்டே இருக்கா. மழைல பாம்பு லீவா போடும்?"

"ஏன் பொழச்சுதுன்னு தெரியாம போட மாட்டேன் சார். மருந்து வீக்கா இருந்தா, கடிபட்டவன்தான் சாவான்."

எலியறைக்குப் போனேன். தெரிந்த மருந்தின் கூண்டுகள் மேல்தட்டில், புதியதன் கூண்டுகள் கீழ்த்தட்டில். எங்கள் பழக்கம் அது. கீழ்த்தட்டின் கோடியில், குறைந்த அளவு பெற்ற எலிகளின் கூண்டுகள்மேல், ஏசிக் காற்று நேரே விழும். அங்கே, துண்டு சுற்றிய பிளாஸ்டிக் புட்டி ஒன்று.

"என்ன அண்ணே இது?"

எலிகளைப் பார்த்துக்கொள்பவர் தாராவிவாசி, திருநெல்வேலிக்காரர். "வெந்நீரு மேடம். இந்தக் கோடில உள்ளதுவ வெறச்சுப்போயி கெடந்துச்சு. பாக்க சகிக்கல. அணைவா வச்சேன், கொஞ்சம் எந்திச்சிட்டு."

சோதனை முடிந்தால் பிழைத்தவற்றையும் கொல்வதுதான் விதி. அது அவருக்குத் தெரியாததல்ல.

"அண்ணே, எல்லாத்தையும் திரும்பப் போடணும்."

"இதுவள வச்சா?"

"புது எலி."

அவர் புட்டியின் மூடியைத் திருகித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்.

இரண்டாம் முறை கூண்டுகளைச் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றினோம். அவர் கதவருகே சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே கீச்சுச் சத்தம் மெலிந்து மெலிந்து அடங்கியது. கோடுகள் தண்டவாளம்போல இணையாக வந்தன. எண் கிடைத்தது, தேவையான வீரியத்துக்கு வெகு கீழே. மொத்த மருந்தும் அழிக்கப் போயிற்று.

"மேடம், இந்தத் தடவ செத்ததுக்காவது பாஸாச்சா?"

"இல்ல அண்ணே."

மானேஜர் அறையில் ஏதோ ஆஸ்பத்திரியின் போன். அவர் இந்தியில் "அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.