கமலவேணி டீச்சரின் ரெக்கார்டர்

கொல்லங்கோட்டிலிருந்து கமலவேணி டீச்சரின் தம்பி ஃபோனில் அழைத்து, "அக்கா போயிட்டாங்க அம்மிணி" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். டீச்சரின் ரெக்கார்டரில் என் அக்காவின் குரல் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து சூப்பர்வைசரைப் பற்றி அவள் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அவ்வளவு நல்ல மனுஷி இறந்த நேரத்தில் இதை நினைத்ததற்காக இன்னும் கூசுகிறேன்.

கமலவேணி டீச்சர் பாலக்காட்டில் உளவியல் விரிவுரையாளர். தோட்டத்துப் பெண்கள் எதற்கெல்லாம் பயந்து வாழ்கிறார்கள் என்பதே அவரது ஆராய்ச்சி. எங்கள் பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் அவர் வந்தபோது வீடு வீடாகக் கூட்டிப்போனேன். என்னைப்போல் கூட்டிப்போனவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. யார் எழுதியது என்று தெரியாது என்ற தைரியத்தில்தான் இதைப் பெயர் போடாமல் எழுதுகிறேன். கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, "ஏனுங்க, கொழுந்து கிள்ளறப்ப என்னங்க யோசிப்பீங்க?" என்று கேட்பார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடும் அவர் பேச்சைக் கேட்டு எங்கள் பெண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அழுவார்கள்.

முதல் கட்டுரையில் ஒரு தப்பு செய்தார். பெயர்களை மாற்றியவர், யார் எந்த நிரையில், அதாவது எந்தச் செடி வரிசையில், கொழுந்தெடுக்கிறார் என்பதை அப்படியே எழுதிவிட்டார். தோட்டத்தில் நிரையைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. கட்டுரை எப்படியோ தோட்டத்து ஆபீசுக்குப் போனது. பேச்சியம்மாளை, இது நான் வைத்த பெயர், அட்டை மொய்க்கும் மேல்மலைக்கு மாற்றினார்கள்.

டீச்சர் மறுநாளே வந்து, "என்ற தப்புதானுங்க" என்று கைகூப்பி நின்றார்.

"பேர மாத்தி என்ன செய்ய டீச்சர்? அது யாரு நிரைன்னு ஊருக்கே தெரியுமே" என்றார் பேச்சியம்மாள்.

அதற்குப் பிறகு எழுதியதையெல்லாம் சொன்னவரிடமே படித்துக்காட்டி, வெட்டச் சொன்னதை வெட்டினார். எழுதிக்கொண்டிருந்த புத்தகம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். புத்தகம் முடிந்த வாரமே படுக்கையில் விழுந்தார்.

காரியத்துக்குக் கொல்லங்கோடு போனபோது டீச்சரின் தம்பி சொன்னார்: "காலேஜ்ல அந்த ரெக்கார்டரக் கேட்டாங்க. நாளைக்குக் குடுத்தர்றேன்னு சொல்லீட்டனுங்க."

டீச்சர் கொடுத்த வாக்கை அவரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் ரெக்கார்டரை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அங்கிருந்தே அக்காவை அழைத்தேன்.

"அழிச்சிரு புள்ள. டீச்சர் குடுத்த வாக்குல்ல அது" என்றாள்.

ஒவ்வொரு பதிவும் டீச்சரின் குரலில்தான் தொடங்குகிறது: "பயப்படாதீங்க, நான் இருக்கறனுங்க." அவருடைய குரல் வேறெங்கும் என்னிடம் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாக அழித்தேன்.

உங்கள் வாக்கு நிறைவேறிவிட்டது டீச்சர், நிம்மதியாகப் போங்கள். எங்களுக்குத்தான் பயமாக இருக்கிறது. பயப்படாதீங்க என்று சொல்ல இனி ஆளில்லை.