பேச்சியம்மாள் அத்தையின் எண்ணப்படாத ஓட்டு

ஓடைப்பட்டி பஸ் கண்டக்டர்தான் சொன்னார்: பேச்சியம்மாள் அத்தை காய்ச்சலில் போய்விட்டார். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "ஏலே, செத்துப் போனாகன்னு சொல்லியா வெளையாடுவ?" என்று கரண்டியை ஓங்கினார். என் புளுகுகளின் பெருமை அப்படி. என் கண்ணைப் பார்த்த பிறகுதான் கரண்டி இறங்கியது.

திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன அத்தையை உங்களுக்கெல்லாம் தெரியும். கணவர் பெயரை வாயால் சொல்லாத அவர் வைராக்கியமும் தெரியும். "மாமா பேரைச் சொல்லு அத்தை" என்று வழிமறிப்பேன். "சுண்ணாம்பு என்ன நெறம்? அதோட ஒரு சாமியச் சேத்துக்க, போடா!" என்பார். விடுகதை போட்டே குடித்தனம் நடத்தியவர்.

போன பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. நான் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன். அத்தை போவதற்குள் அவர் ஓட்டை எவளோ போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"நீங்கதான் பேச்சியம்மாள்னா வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. அத்தை முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கட்சி ஏஜெண்ட் சிரித்தார். "முதல்ல வந்தவ பட்டுன்னு சொன்னாளே! இவதான் கள்ள ஓட்டு."

"பட்டுன்னு சொன்னப்பவே புடிச்சிருக்க வேணாமா? கட்டுனவ சொல்லுவாளாய்யா?" என்றார் அத்தை.

வரிசையே சிரித்தது. ஏஜெண்டுக்கு முகம் கறுத்தது. "ஒரு ஓட்டுல பாராளுமன்றம் கவுந்துருமா? வீட்டுக்குப் போத்தா."

ஒரே ஓட்டு கூடினாலும் அவர் ஆள் டெல்லிக்குப் போவார். தோற்றவர் வாங்கிய ஓட்டெல்லாம் வீண். அது தெரிந்துதானே திருடினார்கள்!

அத்தை தாலியைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளைச்சாமி!"

தெருமுனை வரை கேட்டது. அதிகாரி தனியாக ஒரு வாக்குச் சீட்டை எடுத்து நீட்டினார். "உங்க பேருல ஏற்கெனவே ஓட்டு விழுந்துருச்சு. நீங்க இதுல குத்துங்க, உறையில வச்சு மூடிருவோம்மா. எண்ண மாட்டோம்."

"எண்ணாட்டிப் போங்க. நான் வந்தேன்னு எழுதியிருக்கும்ல?" என்று பதிவேட்டில் கைநாட்டு வைத்தார்.

அடுத்த தேர்தல் வருகிறது. பட்டியலில் அத்தை பெயர் இன்னும் இருக்கிறது. உயிரோடு இருந்தபோதே திருடியவர்கள் இப்போது விடுவார்களா? எனக்கு ஓட்டுப் போடும் வயதில்லை. அதனால் பெயரை நீக்கும் மனுவில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டேன். கணவர் பெயர் என்ற இடத்தில் வெள்ளைச்சாமி என்று கொட்டை எழுத்தில் எழுதியவன் நான்தான்.

"என்ன தம்பி இவ்வளவு அவசரம்?" என்றார் குமாஸ்தா.

"இனிமே எங்க அத்தை பேருல எவளும் வரக் கூடாது சார்."

அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒற்றைச் சத்தம். ஏஜெண்ட் அவர்களே, இந்தத் தேர்தலிலும் அதே ஜன்னலில்தான் இருப்பேன். இறங்கச் சொல்லிப் பாருங்கள்.