தூணுக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஸ்டூல்

"நன்றி, மறுபடியும் வாங்க" என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டபோது நான் ஜவுளிக்கடை வாசலைத் தாண்டி ரங்கநாதன் தெருவில் நாலடி வைத்துவிட்டேன். மதியம் மூன்று மணி. சீருடையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தோளில் ஒரு பை மட்டும். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போகிற கூட்டம் என்னையும் தள்ளிக்கொண்டு போனது. அந்தக் குரல் செக்‌ஷன் அக்காவுடையது. வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் கைகூப்பிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கொடுத்திருந்த வாக்கியம் அது. எனக்கும் அதையே சொன்னார். கேலியா, கோபமா, பழக்கத்தில் வந்ததா என்பது திரும்பி முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஈரோட்டில் சாயப்பட்டறை, ஓசூரில் லாரி கிளீனர், பாலவாக்கத்தில் ஒரு ஹோட்டலில் தோசைக்கல் என்று சுற்றிவிட்டு இந்தக் கடைக்கு வந்தேன். மூன்றாவது மாடி, பூனம் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, ரேக்கில் சாயவும் கூடாது. உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் வியாபாரம் இல்லாத கடை என்று வருகிறவர்கள் நினைப்பார்களாம். முதல் மாதம் பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. பிறகு நுழைந்தது. அதெல்லாம் எந்த வேலையிலும் உள்ளதுதான்.

எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் விற்கிறவர்கள் வாயில் "இல்ல" என்ற சொல் வர ஆரம்பிக்கும். மெரூன் இருக்கா என்று கேட்டால் இல்ல. சின்ன பார்டர் இருக்கா, இல்ல. எல்லாம் மேல் தட்டில் இருக்கும். ஏணி போட்டு ஏறி, நாற்பது சேலையை இறக்கிப் பிரித்துக் காட்டி, அவர்கள் போன பிறகு நாற்பதையும் மடித்து ஏற்ற வேண்டும் என்பதை நினைத்தால் கால் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கடை முழுக்க எல்லா மாடியிலும் நாலு மணிக்கு மேல் சரக்கு தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் செக்‌ஷன் அக்கா என்போம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆதம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்துபோவார். தெற்கத்திப் பையன்கள் நிறைந்த அந்த மாடியில் அவருடைய மெட்ராஸ் பாஷை தனியாகக் கேட்கும். நான் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு அம்மாவிடம் மெரூன் இல்ல என்று சொல்லி அனுப்பினேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா நைனா, மேல் தட்டுல அவ்ளோ மெரூன் கீது, இல்லன்றே? கால் நோவுதா? போ, கொஞ்சம் குந்திக்கினு வா."

தூணுக்குப் பின்னால், கேமரா கண்ணுக்கு எட்டாத இடுக்கில், ஒரு கால் விரிசல் விட்ட சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர், பத்து நிமிஷம். எந்தக் கணக்கும் அவர் வைக்கவில்லை. யார் வாயில் பொய்யான "இல்ல" வருகிறதோ அவர் போய் உட்கார வேண்டும், அதுதான் ஒரே விதி. ஒன்பதாவது நிமிஷமே அடுத்தவன் எட்டிப் பார்த்து, "ராசா எந்திரிடே, அடுத்த ராசா வந்தாச்சு" என்பான். திரும்பிப் போனால் ஏணி கனக்காது. நாற்பது சேலை பார்த்து ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடம்கூட முகம் சுளிக்கத் தோன்றாது. அக்கா மட்டும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டிருக்கும். கேட்டால், நான் குந்தினா எழுந்துக்க மாட்டேன் என்று சிரிப்பார்.

ஷட்டர் திறக்கும் முன் தினமும் கீழ்த்தளத்தில் எல்லோரும் கூட வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து எங்கள் பிரிவே விற்பனையில் முதலில் வந்தது. மூன்றாம் மாதக் கணக்கைச் சொன்ன அன்றைக்கு அக்கா லீவு. மேனேஜர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்து, உங்க செக்‌ஷனில் என்ன ரகசியம், எல்லாரும் கேட்கட்டும் என்றார். அதற்கு முன் நான் மைக்கைத் தொட்டதில்லை. என்னிடம் யாரும் எதையும் எப்படிச் செய்கிறாய் என்று கேட்டதுமில்லை. ஸ்டூலைப் பற்றிச் சொன்னேன். தூண், பத்து நிமிஷம், "இல்ல" என்ற சொல், எல்லாவற்றையும். மாடிக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள் என்று உண்மையிலேயே நம்பினேன். கைதட்டினார்கள்.

மத்தியானம் இரண்டு பேர் வந்து ஸ்டூலை எடுத்துப்போனார்கள். மறுநாள் அக்காவை வாசலில் நிறுத்தினார்கள். சேலையைத் தொடும் வேலை இல்லை. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நன்றி சொல்ல வேண்டும்.

நான் அண்ணாச்சியின் அறைக்குப் போய், பெருமைக்காகப் பொய் சொல்லிவிட்டேன், அந்த ஸ்டூலில் யாரும் உட்கார்ந்ததே இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீ பொய் சொல்லலைன்னு கேமராவுல பாத்தாச்சுடே. தூணுக்குப் பின்னால போறவன் பத்து நிமிசம் கழிச்சுத்தான் வாறான். நானும் பதினெட்டு வருசம் நின்னவன்தான். உக்காந்து பழகிட்டா நிக்க முடியாது, பாத்துக்க."

மேஜைக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டேதான் பேசினார். நாற்காலி அவருக்குப் பின்னால் காலியாக இருந்தது.

பிரிவில் என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. விடுதி அறையில் எட்டுப் பேர், நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். நாலு மணிக்கு மேல் எங்கள் மாடியிலும் மெரூன் தீர்ந்துபோக ஆரம்பித்தது. அந்த மாதம் நாங்கள் கடைசி. பதினேழு நாள் அக்காவின் கூப்பிய கைகளைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பதினெட்டாம் நாள் அவரைக் கடந்து வெளியே வந்தேன்.

இப்போது கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. போன மாதம் பாண்டி பஜாரில் ஒரு கடையில் பார்த்தேன், பிரிவுக்கு ஒரு ஸ்டூல். அதன்மேல் மடிக்காத சேலைகள் குவிந்திருந்தன. மெரூன் கேட்டேன். இல்ல சார் என்றது அங்கே நின்ற பெண். மேல் தட்டில் அடுக்கு தெரிந்தது. பழைய கடைக்கும் போனேன். அக்கா வேலையிலிருந்து நின்று ரொம்ப நாளாகிறதாம். விலாசம் யாரிடமும் இல்லை. ஆதம்பாக்கத்தில் இறங்கித் தெருத்தெருவாகத் தேடலாம்தான். செக்‌ஷன் அக்கா என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? அவருடைய பேரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவே இல்லை.

கடையை விட்ட மறுநாள் காலை அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு நாற்காலியை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, இதில் உட்கார்ந்து வருகிறவர்கள் பேரை எழுதுங்கள் என்றார். எட்டு மணியிலிருந்து நின்றேன். உட்காரலாம் என்று தெரியும், உடம்பு மடங்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பார்சல் கொண்டுவந்தவர், மூணாவது மாடி அம்மா இருக்காங்களா என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. லிஃப்ட் பழுது, மூன்று மாடி ஏற வேண்டும். பார்சல்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நிற்கச் சொல்லிவிட்டு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மா இருந்தார். இறங்கி வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.