ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்

சனிக்கிழமைகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் சான்ட்ரிங்ஹாம் கடையொன்றில் பருப்பு வடை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் என் நண்பன் வீட்டுக்குப் போவேன். அவன் மலேசியத் தமிழன். நான் யாழ்ப்பாணத்தவன். இருவருக்கும் எண்பத்தைந்து கடந்துவிட்டது. இளம் வயதில் லண்டனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முதுமையில் பிள்ளைகள் எங்களை நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதை எல்லோரும் அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அது பயமாகத்தான் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவனை நான் ஒருமுறை சாகும் நிலைக்குக் கொண்டுபோனேன். பழியை அவன் மேலேயே போட்டேன். அவன் அதை நம்பினான்.

அந்த லண்டன் வீட்டின் முன்னறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வீட்டுக்காரி அதன்மேல் பின்னல் துணி போர்த்தி வைத்திருப்பாள். வாடகைக்காரர் அந்த அறைக்குள் போகக்கூடாது. ஒரு குளிர்காலத்தில் நண்பன் கடும் காய்ச்சலில் மாடியறையில் படுத்துவிட்டான். வீட்டுக்காரி தமக்கையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக நான் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, அன்று ஒருநாள் முன்னறையில் பெட்டியைப் போட்டுப் பார்க்கலாம் என்றாள். புறப்படும்போது வாசலில் நின்று, எப்போதும் சொல்வதை மறுபடியும் சொன்னாள். காஸ் நின்றுவிட்டால் உடனே மீட்டரில் ஷில்லிங் காசைப் போடாதே. முதலில் எல்லா அறைகளுக்கும் போய்க் காஸ் குழாய்களை மூடு. பிறகு போடு.

வீடு முழுவதற்கும் ஒரே மீட்டர். போட்ட காசு தீர்ந்ததும் சமையலறை அடுப்பும் மாடியறைக் கணப்பும் ஒன்றாக அணையும். காசு போட்டால் எல்லாக் குழாய்களிலும் காஸ் திரும்ப வரும். நெருப்பு திரும்ப வராது. அந்தக் காலத்துக் காஸ் நஞ்சு.

அன்று பின்னேரம் மூன்று மணி தொடக்கம் பெட்டியின் முன்னால் இருந்தேன். பெண்களுக்கான நிகழ்ச்சியில் ஒருத்தி தொப்பி தைத்துக் காட்டினாள். பிறகு சிறு பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம். இடையிடையே அடுத்தது தயாராகும்வரை இரண்டு கைகள் களிமண் வனைவதைக் காட்டுவார்கள். ஐந்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. ஆறு மணிக்குத் திரை வெறுமையாகிவிட்டது. தாய்மார் பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்காக அந்தக் காலத்தில் ஆறு முதல் ஏழு வரை ஒளிபரப்பே கிடையாது. எனக்கு அது தெரியாது. பெட்டியைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து, குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, தேநீர் வைக்கச் சமையலறைக்குப் போனேன். எனக்கு மட்டும்தான்.

தண்ணீர் கொதிக்குமுன் அடுப்புச் சுடர் சிறுத்து அணைந்தது. படிக்கட்டின் கீழே மீட்டர் இருந்தது. ஷில்லிங்கைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். நண்பனின் கணப்பும் அணைந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மறக்கவில்லை. மேலே குளிர். அவன் எழுந்தால் தண்ணீர் கேட்பான், பேசுவான். முன்னறையில் பெட்டி திரும்ப ஒளிர்ந்துவிடலாம். காசைப் போட்டேன். அடுப்பை மூட்டினேன். பிறகு போகலாம் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குத் திரை உயிர்த்தது. செய்தி வந்தது. அடுத்த நிகழ்ச்சியில் யாரோ பாடத் தொடங்கியபோது சிறுநீர் கழிக்க எழுந்தேன். படிக்கட்டின் நடுவில் காஸ் மணம் வந்தது. இதையும் சொல்ல வேண்டும்: சில நொடிகள் நான் ஏறவே இல்லை.

யன்னல் ஒரு விரலளவு திறந்திருந்ததால் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்து, என்ன நடந்தது என்று கேட்டான். அவனுக்கு அந்த நாளே நினைவில் இல்லை. "ஆறரை மணிபோல நீதான் இறங்கி வந்து, உன்ரை குழாயைப் பூட்ட மறந்து காசு போட்டிருக்க வேணும். நான் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தனான், கவனிக்கேல்லை" என்றேன். வீட்டுக்காரியிடமும் அதையே சொல்லியிருந்தேன்.

அவன் மருந்தாளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு குழாயை நினைவில் வைக்க முடியாதவன் மற்றவர்களுக்கு மருந்து அளந்து கொடுக்கக்கூடாது என்று சொல்லி, படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினான். துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். என்னைக் கட்டிப்பிடித்து, "உன்னையும் சேத்துக் கொல்லப் பாத்தேனேடா" என்று அழுதுவிட்டுத்தான் கப்பலேறினான்.

அண்மையில் அவனுக்கு மறதி தொடங்கியிருக்கிறது. நேற்று நடந்தது நிற்பதில்லை. பழையது எல்லாம் அப்படியே இருக்கிறது. போன மாதம் அவன் மகள், ஐம்பது வயதுக்காரி, அவனை மகிழ்விக்க ஏதோ தேடி, லண்டனில் அந்த விபத்து நடந்த நாளுக்குரிய தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலைக் கணினியில் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் தேதியும் ஆம்புலன்ஸில் ஏற்றிய நேரமும் இருந்தனவாம். அதை அவன் இத்தனை காலம் வைத்திருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, பொம்மலாட்டம், தொப்பி, நான் ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சொல்லியிருந்த எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான்.

"அப்பா, சிக்ஸ் டு செவன் ஒண்ணுமே இல்ல. கடையச் சாத்திட்டாங்க" என்றாள்.

"நாடகம்?"

"எட்டு மணிக்கு."

அவன் என் பக்கம் திரும்பினான். "எட்டு மணிக்கு நான் ஆம்புலன்ஸ்லடா. நீ ஆறரைக்கு எந்த நாடகத்தப் பாத்த?"

"முந்திப் பிந்தி இருக்கும். ஆர் கண்டது?" என்றேன்.

"இவன் பாத்தானா, நடிச்சானா?" என்று அவன் சிரித்தான்.

"போலீஸ் மாதிரி கேக்காதீங்கப்பா. அங்கிளுக்கும் வயசாச்சுல்ல" என்று மகள் எனக்கு வழிவிட்டாள். அந்த வழியால் நான் வெளியே போயிருக்கலாம்.

"காசு நான்தான் போட்டனான்" என்றேன். "நீ இறங்கி வரேல்லை. தேத்தண்ணி வைக்கப் போனனான், அடுப்பு அணைஞ்சுபோச்சு. மேல ஏறி வராமல், உன்ரை குழாயைப் பூட்டாமல் காசைப் போட்டிட்டன்."

"மறந்துட்டியா?"

"இல்லை. ஞாபகம் இருந்தது."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் மகளைப் பார்த்தான். "கேட்டியா? நான் இறங்கி வரல. நான் போடல. உங்கம்மா உயிரோட இருந்தவரைக்கும் தெனம் மூணு தடவ அடுப்பத் தொட்டுத் தொட்டுப் பாப்பேனே, சிரிப்பாளே. நான் போடலம்மா." பள்ளிக்கூடத்தில் வீணாக அடி வாங்கிய பிள்ளையின் குரல் அது. பிறகு என்னிடம், முகத்தைப் பார்க்காமல், "எழுதிக் குடு. நாளைக்கு எனக்கு மறந்துடும்" என்றான்.

நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த சனிக்கிழமை கொண்டுபோனேன். கதவை அவனே திறந்தான்.

"வாடா. பசியாறிட்டியா? வடையா? உள்ள வா, அடுப்புப் பக்கம் மட்டும் என்னய விட்றாத. உன்னையே கொல்லப் பாத்தவன் நான்."

முகத்தில் பழைய அன்பு அப்படியே இருந்தது. கோபத்தின் அடையாளம் எதுவும் இல்லை. மகள் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் வடையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், அவனுக்கு நான் மறுபடியும் நல்லவன். முதல்முறை சொன்னபோது இருந்ததைவிட அன்று எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

"என்னாடா இது?" என்றான்.

"இருந்து வாசி" என்று நாற்காலியைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து அவன் மூக்கில் மாட்டிவிட்டேன்.