ஆறு தொட்டி லில்லியும் என் வைத்தியமும்

இலை மஞ்சளாகித் தொங்கினால் செடி சாகிறது என்றும், அதைக் கொன்றவன் நான்தான் என்றும் ஐம்பத்திரண்டு வயதில் முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காப்பாற்றவும் கிளம்பினேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை, இரண்டு உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும். உச்சிவேளையில் அரைமணி நேரம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி எல்லாம் அங்கே வந்து வெளுத்து, சொல்லாமல் போய்விட்டன. தாக்குப்பிடித்தது ஃபுட்பால் லில்லி ஒன்றுதான். என் மனைவியோடு பள்ளியில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்த ஒற்றைக் கிழங்கு அது. ஒன்பது வருடத்தில் அதை ஆறு தொட்டியாகப் பெருக்கியிருந்தாள். கோடையில் ஒருமுறை பூக்கும்; தண்டின் உச்சியில் சிவப்பு ஊசிகளைச் செருகி வைத்த பந்து மாதிரி. ஒரு வாரம் இருக்கும். அந்தக் கொல்லையில் வருடத்துக்கு அவளுக்குக் கிடைக்கிற பூ அவ்வளவுதான்.

ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனாள். ரயில் ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

“லில்லிய மட்டும் தொடாதீங்க. உங்க கை சும்மா இருந்தாலே அதுக்குப் போதும்.”

கார்த்திகைக் கடைசியில் இலைகள் மஞ்சளாயின. ஒரு வாரத்தில் ஆறு தொட்டியும் தலை தொங்கின. குனிந்து பார்த்தால் காம்பெல்லாம் ஊதாப் புள்ளி. அம்மை! போன் செய்து கேட்டிருக்கலாம். “தொட்டீங்களா?” என்பாள். தொடவில்லை என்று சொன்னாலும் நம்பமாட்டாள். ஆகவே தொட்டேன்.

முதலில் மஞ்சள் கரைத்துக் காம்பில் பூசினேன். அடுத்து ஃபில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கை. பிறகு புளித்த மோர். எறும்புகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன, செடி அசையவில்லை. கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தேன்: போர் தண்ணி. காவிரி சூழ்ந்த தீவில் வாழ்ந்துகொண்டு உப்புத் தண்ணீர் ஊற்றினால் எந்தச் செடிதான் பிழைக்கும்?

மார்கழிக் காலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்ப் பத்து லிட்டர் கேனை நிரப்பி ஸ்கூட்டரில் கட்டினேன். குளித்துக் கரையேறிய ஒரு அம்மாள், “பூஜைக்குங்களா?” என்றார்.

“இல்லீங்க. வீட்டுல ஆறு பேருக்கு உடம்பு ரொம்ப முடியல.”

“ரங்கா, ரங்கா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆறு பேருமா? நல்லாயிடும், போங்க.”

தினமும் அந்த ஆசியோடு ஒன்பது நாள் காவிரியை ஊற்றினேன். பத்தாம் நாள் ஒரு காம்பை லேசாகத் தொட்டேன். கையோடு வந்தது. கூடவே நாற்றமும்.

அந்தத் தொட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, சமயபுரம் போகிற ரோட்டில் இருந்த நர்சரிக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். நர்சரிக்கார அம்மா தொட்டியைக் கவிழ்த்து, கிழங்கை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

“யார் சார் இதுக்குத் தண்ணி ஊத்துனது?”

“நான்தாங்க. காவிரித் தண்ணி.”

“காவிரி முழுக்கவா?” மண்ணை முகர்ந்தார். “இதென்ன சார், மோர் வாசனை?”

நான் பக்கத்தில் இருந்த மாங்கன்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“சார், இது சாகல. தூங்கப் போயிருக்கு. வருசா வருசம் பனிக்காலத்துல இலைய விட்டுட்டு மண்ணுக்குள்ள தூங்கும். நீங்கதான் ஊத்தி ஊத்தி அழுக வச்சிருக்கீங்க.”

“அப்ப அந்தப் புள்ளி?”

“பொறக்கும்போதே இருக்கும். எத்தன வருசமா வீட்டுல இருக்கு?”

“ஒன்பது.”

“ஒன்பது வருசமா ஒரு தடவ கூடப் பாத்ததில்லையா?”

மற்ற ஐந்தையும் தோண்டிப் பார்க்கச் சொன்னார். கெட்டியான கிழங்குகளை நிழலில் உலர்த்தி, மணல் கலந்த புது மண்ணில் கழுத்து வெளியே தெரிய வைக்க வேண்டும். சித்திரை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

“முடியுமா சார்?”

“முடியும்.”

“உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே.”

வீட்டுக்கு வந்து தோண்டினேன். இன்னொன்றும் கூழாகியிருந்தது. நான்கு கெட்டியாக இருந்தன. அன்று மாலையே மனைவிக்குப் போன் செய்து, மஞ்சள் முதல் காவிரி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் அழுத பேரனைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தாள்.

“அப்ப ரெண்டு போச்சு,” என்றாள். “மிச்ச நாலுல ஒண்ணாவது பூக்கட்டும். அப்புறம் உங்ககிட்டப் பேசிக்கறேன்.”

சும்மா இருப்பதென்று அன்றைக்கு உறுதி எடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கடினமான வேலையை நான் செய்ததில்லை. காலையில் கொல்லைக்குப் போனால் வலது கை தானாகக் குவளையைத் தேடும். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வேன். பூவாளியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, “நான் கேட்டாலும் தராதீங்க” என்றேன். இரண்டு முறை கேட்டேன். தரவில்லை. தை மாதத்தில் திடீரென்று மழை பிடித்தபோது, நான்கு தொட்டிகளையும் கட்டியணைத்து ஹாலுக்குக் கொண்டுவந்தேன். வெறும் மண்ணோடு உட்கார்ந்து டிவி பார்த்தேன். மாசியில் ஒன்றும் தெரியவில்லை. பங்குனியிலும் இல்லை. தோண்டிப் பார்க்கவில்லை, சத்தியமாக.

சித்திரையில் மனைவி வந்தாள். பெட்டியைக்கூட இறக்காமல் கொல்லைக்குப் போய், நான்கு தொட்டிகளையும் விரலால் தட்டிப் பார்த்தாள்.

“ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க. ஒரே டம்ளர்.”

கொண்டுபோனேன். நான்குக்கும் அவளே பங்கிட்டு ஊற்றினாள்.

வைகாசியில் மூன்று தொட்டிகளில் பூத்தது. நான்காவது இலை மட்டும் விட்டது.