சேற்றில் இறங்கச் செருப்பைக் கழற்றினோம்

நான், அக்கா, அவள் பிள்ளைகள் யாழினி, கவின் என நான்கு பேர் கிள்ளை உப்பங்கழிக்குப் போயிருந்தோம். அறுப்பு நேரம் என்பதால் அக்காவின் கணவர் ஊரில், திட்டக்குடியிலேயே இருந்துவிட்டார்.

மறுநாளைக்குப் புதுச்சேரிப் பக்கம் ஒரு வாட்டர் பார்க்கில் டிக்கெட் எடுத்திருந்தேன். பரீட்சை முடிந்ததிலிருந்தே யாழினி அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதுவரை அண்ணாமலை நகரில் என் அறையில் சும்மா அடைந்து கிடப்பானேன் என்று, செலவில்லாமல் கிள்ளைப் பக்கம் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

உப்பங்கழியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. நண்டு பார்க்கப் பிள்ளைகள் துடித்தார்கள்.

"செருப்பு மாட்டிக்கும், கழட்டிட்டு எறங்குங்க" என்றேன். வயலில் நாங்கள் அப்படித்தான் இறங்குவோம்.

"படிச்சவன் சொல்றான், கேளுங்க" என்றாள் அக்கா.

பத்தடி போவதற்குள் யாழினி அலறினாள். குதிகாலில் ரத்தம். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து தூக்கினார்.

"இதென்ன வயக்காட்டுச் சேறா தம்பி? அடியில பூரா சிப்பி ஓடு, பிளேடு கணக்கா அறுத்துடும். வெறுங்காலோட எறக்கி வுட்டிருக்கியே."

சிதம்பரத்தில் நான்கு தையல் போட்டார்கள். பத்து நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது என்றார் டாக்டர்.

"நாளைக்கு நீங்க பார்க்குல வெளையாடுங்க மாமா, நான் பையெல்லாம் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றாள் யாழினி. எங்களுக்குப் போக மனம் வரவில்லை. டிக்கெட்டுப் பணமும் திரும்ப வராது என்று பார்க்கில் சொல்லிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் தெரியாத ஊரில் தண்ணீரில் கால் வைக்கும் முன், அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிடுகிறேன். செலவில்லாத அந்தச் சாயங்காலத்துக்கு டிக்கெட், தையல், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆனது நாலாயிரத்து இருநூறு ரூபாய்.