அக்கா விற்ற பங்குகள்

என் பேச்சை நம்பித்தான் அக்கா அந்தப் பங்குகளை வாங்கினாள். அவளுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. சேமிப்பில் பாதியை அதில் போட்டிருந்தாள். என் பணமும் அதே கம்பெனியில்தான். ஒரே வருஷத்தில் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதை அவளிடம் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

"விக்காத வரைக்கும் நஷ்டம் இல்லக்கா. வச்சிருப்போம்."

அவள் கோபப்படவில்லை. "அந்தக் கம்பெனி எங்கடா இருக்கு?" என்றாள்.

"அத்திபெலே பக்கம். தண்ணி மோட்டாருக்கு பார்ட்ஸ் பண்றாங்க."

"நீ போய்ப் பார்த்திருக்கியா?"

நான் பார்த்ததெல்லாம் போனில் விலையை மட்டும்தான். தினம் பத்துத் தடவை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் பள்ளி. இரண்டு பஸ் மாறிப் போனோம். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை. அக்கா டீயை வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"முன்னெல்லாம் மூணு ஷிப்ட் ஓடும் மேடம். இப்ப பகல் ஷிப்ட் மட்டும்தான். எனக்கே வியாபாரம் கொறஞ்சிடுச்சி," என்றார் அவர்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த ஒரு பெண்ணிடம் அக்கா கன்னடத்தில் விசாரித்தாள். இரண்டு மாதமாகச் சம்பளம் தள்ளிப்போகிறதாம். பங்கு விஷயத்தை மறந்து, அவள் பிள்ளைகள் எந்த வகுப்பு, வாடகை எப்படிக் கட்டுகிறாள் என்று அக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கூச்சத்தோடு தள்ளி நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னாள்: "திங்கக்கிழமை என்னோடத வித்துடு."

"வித்தப்புறம் ஏறிடுச்சின்னா?"

"ஏறட்டும். இன்னிக்குத் தெரிஞ்சத வச்சுத்தான முடிவு பண்ண முடியும்? உன்னோடத நீ யோசிச்சுக்கோ."

அவளுடையதை விற்றேன். என்னுடையதை விற்க மனம் வரவில்லை. அடுத்த மாதமே விலை கொஞ்சம் ஏறியது. தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் வந்திருக்கும்," என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று சாப்பாடே இறங்கியிருக்காது.

அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. பிறகு விலை இன்னும் கீழே போனது. கடைசியில் அக்காவுக்குக் கிடைத்ததில் கால்வாசிக்கு என் பங்குகளை விற்றேன்.

சமீபத்தில் அக்காவின் கணவர், எங்கள் மாமா, பேச்சுவாக்கில், "உங்க அக்கா யாரைக் கேட்டு அதுல போட்டாளோ, கேட்டா 'நானே வாங்கினேன், நானே வித்தேன்'ங்கறா," என்றார். என் பெயரை அவள் வீட்டில் எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.